இந்தப் பிள்ளை நடக்குமா?

(பிறக்கும்போது பிராணவாயு குன்றி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளின் எதிர்காலத்தை முன்கூட்டி அறிவது பற்றி, இறுப்பிட்டியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மிடையே உள்ள வழக்கமொன்றைக் கூறி இவ்வுரையைத் தொடங்குகின்றோம். பிள்ளை பிறந்ததும் உறவினர் யாரேனும் ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார். சாதகம் எழுதுவதற்கு மணி வேண்டும், நிமிடம் வேண்டும். நிமிடம் தவறினால் இலக்கினமே மாறிவிடும் என்ற கவலை. அப்படிக் குறித்த தாளைப் பெட்டகத்தில் வைத்து இருபத்தைந்து ஆண்டுகள் காப்பாற்றுகின்றோம். ஆனால், பிறந்து எத்தனை நிமிடங் கழித்துப் பிள்ளை அழுதது என்று எழுதி வைத்த தகப்பனை நாம் இன்றுவரை கண்டதில்லை. சாதகத்தின் பலன் எப்படியாயினும் ஆகுக. இரண்டாவதாகச் சொன்ன நிமிடக் கணக்கோ பிள்ளையின் வருங்காலத்தைப் பற்றிச் சிறிதளவேனும் உண்மை பேசக்கூடியது. எவ்வளவு பேசும், எங்கே பேசாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

“இவற்றையெல்லாம் தமிழிற் பேச முடியுமா?” என்று வரும் வழியில் நண்பர் ஒருவர் கேட்டார். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு நம்மவருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். பிரசவ வைத்திய நூலொன்றையும் தமிழாக்கி அச்சிட்டார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பிறநாட்டார் ஒருவருக்கு முடிந்தது இன்று நமக்கு முடியாதென்றால் குறை மொழியில் இல்லை.

நாம் சொன்ன தீர்ப்பு

நிற்க. நமது அனுபவத்தில் நிகழ்ந்த ஒன்றை மறைக்காமற் சொல்லிவிடுகின்றோம்.

நாம் இளம் வைத்தியராக இருந்த காலத்தில், வெளித்தீவொன்றிலிருந்து ஒரு தாயை இரவிலே படகில் ஏற்றி வந்தனர். கடல் கொந்தளிப்பு. கரையேறிப் பின் தெருவழியாக வைத்தியசாலையை அடையும்போது நெடுநேரமாகிவிட்டது. குழந்தை பிறந்தது, அழவில்லை. பையும் முகமூடியும் கொண்டு காற்றூட்டிய பின்னரே நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. அன்றிரவே வலிப்பு வந்தது. இரண்டாம் நாள் காலை தகப்பன் நம்மை வழிமறித்து, “ஐயா, இந்தப் பிள்ளை நடக்குமோ?” என்று கேட்டார். அவர் தோட்டக்காரர். கைகளில் மண்கூடச் சரியாகப் போகவில்லை. நாம் புத்தகத்திற் படித்ததை வைத்துக்கொண்டு, “நடவாது, மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்” என்றோம்.

அவர்கள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டனர். அதன் விளைவு யாதெனில், மீண்டும் பிள்ளையைச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுவரவில்லை. நடவாத பிள்ளைக்குப் படகுக் கூலி எதற்கு? ஐந்தாண்டுகள் கழித்து ஒரு திருவிழாவிலே அந்தத் தகப்பனைக் கண்டோம். அவர் பக்கத்தில் ஒரு சிறுவன் நின்றான். சற்றுச் சாய்ந்து நடந்தான், ஆனால் நடந்தான். கண்பார்வையிலே குறையிருந்தது. காலத்தோடு கவனித்திருந்தால் அதற்கு உதவியிருக்கலாம். நாம் சொன்ன ஒரு சொல்லால் அந்தப் பிள்ளை ஐந்தாண்டுகளை இழந்தது.

இதற்கு நேர்மாறாக, “எல்லாம் சரி, பயமில்லை” என்று கூறியனுப்பிய பிள்ளை எட்டு மாதமாகியும் கழுத்து நில்லாமல் வந்ததையும் கண்டிருக்கின்றோம். பொய்யான அச்சமும் பொய்யான ஆறுதலும் ஒன்றுபோலவே பிள்ளையின் காலத்தைத் தின்கின்றன.

ஆகவேதான் முன்னறிதல் என்பது வெறும் கல்விப் பொருளன்று என்கின்றோம். 2010ஆம் ஆண்டுக்கான மதிப்பீடொன்றின்படி, அவ்வோர் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 11 இலட்சத்து 50 ஆயிரம் குழந்தைகள் பிறந்தவுடன் இத்தகைய மூளைப் பாதிப்புக்கு ஆளாயினர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் நம்மைப் போன்ற நாடுகளிற் பிறந்தவர்கள்.

மூளைக்குள் நடப்பது

கருப்பையில் இருக்கும் பிள்ளை தன் மூக்கால் மூச்சுவிடுவதில்லை. தாயின் குருதியிலுள்ள பிராணவாயு நச்சுக்கொடி வழியாக, கொப்பூழ்க்கொடி வழியாகப் பிள்ளைக்கு வருகின்றது. கொடி நசுங்கினாலும், நச்சுக்கொடி முன்னரே கழன்றாலும், கருப்பை கிழிந்தாலும், பேற்றுவலி அளவுக்கு மீறி நீண்டாலும் இவ்வழி அடைபடும். மூளையின் உயிரணுக்கள் எரிபொருள் அற்ற விளக்குகள் போலாகின்றன.

ஆனால் விளக்கு அணைவது ஒரே தடவையில் நிகழ்வதில்லை. இதுவே கவனிக்கத்தக்க செய்தி. பிள்ளைக்குக் காற்றூட்டிக் குருதியோட்டம் மீண்டதும் உயிரணுக்களின் சக்தி பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகின்றது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஓர் அமைதி நிலவுகின்றது. அதன் பின்னரே இரண்டாவது வீழ்ச்சி தொடங்கி, மூன்று நாள்வரை நீடித்து, முதலில் தப்பிய உயிரணுக்களையும் கொல்கின்றது. இடையிலுள்ள அந்த ஆறு மணி நேரத்திலேதான் ஏதேனும் செய்ய இடமுண்டு.

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகு வர ஏறத்தாழ ஒரு மணி நேரம். குறிகட்டுவானிலிருந்து இந்த ஊர் வழியாக, வேலணைக்குச் செல்லும் தாம்போதியையும் பண்ணைப் பாலத்தையும் கடந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். இரவில் படகு தேடும் நேரத்தையும், வண்டி தேடும் நேரத்தையும், கடல் சீறினால் காத்திருக்கும் நேரத்தையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். ஆறு மணி என்பது நகரத்தானுக்கு நெடுநேரம், தீவகத்தானுக்கு அப்படியன்று.

எண்களின் வரலாறு

இப்பிரச்சினையை முதலில் விரிவாக எழுதியவர் இலண்டன் வைத்தியர் வில்லியம் ஜோன் லிற்றில். 1861ஆம் ஆண்டில் அந்நகரத்துப் பிரசவ வைத்தியச் சங்கத்தின் முன், கடினமான பிறப்புக்கும் பின்னாளிற் காணும் கைகால் விறைப்புக்கும் தொடர்புண்டு என்று அவர் எடுத்துரைத்தார். மனோதத்துவத்துக்குப் பேர்போன சிக்மண்ட் பிராய்டு, தம் இளமையில் நரம்பு வைத்தியராக இருந்தவர். அவர் 1897இல் வேறொரு கருத்தைக் கூறினார். பிள்ளை கருவிலேயே நலிந்திருந்தமையாலேதான் பிறப்புக் கடினமாயிற்றோ என்பதே அவருடைய ஐயம். இந்த வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. எனவே, ஒரு பிள்ளை ஊனமுற்றால் உடனே மருத்துவிச்சியைத் தூற்றுவதும், அதனினும் கொடிதாகத் தாயைத் தூற்றுவதும் அறிவுடையார் செயலாகா. நம் ஊர்களில் தூற்றப்படுபவள் பெரும்பாலும் தாயே அன்றோ!

1953ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரைச் சேர்ந்த வேர்ஜீனியா அப்கார் என்னும் பெண் வைத்தியர், பிறந்த குழந்தைக்குப் புள்ளி இடும் முறையொன்றை வெளியிட்டார். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் இறுக்கம், தூண்டினால் எழும் எதிர்வினை, உடலின் நிறம் என்னும் ஐந்துக்கும் சுழியம் முதல் இரண்டு வரை புள்ளி, மொத்தம் பத்து. எளிமையான முறை, உலகெங்கும் பரவிற்று. இந்தப் பிள்ளைக்கு உடனே உதவி வேண்டுமா என்று அறிவதற்காகவே அப்கார் அம்மையார் அதனை வகுத்தார். பிற்காலத்தவரோ, பள்ளிக்கூடப் பரீட்சைப் புள்ளியைப் போல, அதனைப் பிள்ளையின் ஆயுள் முழுவதற்குமான தீர்ப்பாக்கிவிட்டனர்.

அத்தீர்ப்பு எவ்வளவு தவறானது என்பதை 1981இல் கரின் நெல்சன், ஜோனஸ் எலன்பேர்க் ஆகிய இருவரும் காட்டினர். அமெரிக்காவில் ஏறத்தாழ 49,000 குழந்தைகளைப் பிறப்பு முதல் பின்தொடர்ந்து சேகரித்த விவரங்களை அவர்கள் ஆராய்ந்தனர். பிறந்து பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகியும் மூன்று புள்ளிக்கு மேற் பெறாமல், ஆனால் உயிர் பிழைத்த பிள்ளைகள் 99 பேர். அவர்களுள் பின்னர் மூளைவாதம் கண்டவர் 12 பேர் மட்டுமே. மிகமிகத் தாழ்ந்த புள்ளி பெற்றுப் பிழைத்தவர்களிலும் பெரும்பாலோர் பள்ளி வயதில் பெருங்குறை எதுவுமின்றி இருந்தனர். இனி மறுபக்கத்தைப் பாருங்கள். மூளைவாதம் கண்ட பிள்ளைகளை எடுத்து அவர்களுடைய பழைய புள்ளிகளைத் தேடினால், நூற்றுக்கு எழுபத்துமூன்று பேர் ஐந்தாம் நிமிடத்தில் ஏழும் அதற்கு மேலும் பெற்றவர்கள்!

வெள்ளம் வடிந்த வயலை அன்றைக்கே பார்த்து, “பயிர் போயிற்று” என்று எந்த விவசாயியும் தலைமேற் கைவைப்பதில்லை. சில நாள் பொறுத்துக் குருத்தைப் பார்க்கின்றான். புதுக் குருத்து பசுமையாக எழுந்தால் நம்பிக்கை கொள்கின்றான். அடி அழுகியிருந்தால் மேலே பச்சை தெரிந்தாலும் நம்புவதில்லை. ஹார்வே சார்நற், மார்கரெற் சார்நற் என்னும் இருவர் 1976இல் செய்ததும் ஏறத்தாழ இதுவே. இருபத்தொரு குழந்தைகளை நாள்தோறும் பார்த்து, மூளையின் நிலையை மூன்று படிகளாக வகுத்தனர். முதற்படியில் பிள்ளை அளவுக்கு மீறி விழித்திருக்கும். இரண்டாம் படியில் சோர்ந்து தளர்ந்திருக்கும், வலிப்பு வரும். மூன்றாம் படியில் உணர்விழந்து கிடக்கும். மூன்றாம் படிக்குப் போகாமலும், இரண்டாம் படியில் ஐந்து நாளுக்குக் குறைவாக நின்றும் மீண்ட குழந்தைகள் பின்னர் நலமாகவே காணப்பட்டன. ஏழு நாளுக்கு மேல் இரண்டாம் படியிலேயே நின்றவற்றின் கதி வேறு. ஆக, எந்தப் படி என்பதைவிட, எத்தனை நாளில் மீள்கின்றது என்பதே பெரிய செய்தி. இரண்டாம் நாட் காலையில் நாம் அந்தத் தகப்பனுக்குத் தீர்ப்புச் சொன்னோமே, அதன் பிழை இப்போது விளங்குமன்றோ?

குளிர்ச் சிகிச்சையும் நம் நாட்டுப் பிள்ளைகளும்

2005ஆம் ஆண்டில் இத்துறையில் ஒரு புதிய கதவு திறந்தது. பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் குழந்தையின் உடற்சூட்டைச் சுமார் 33.5 பாகைக்கு இறக்கி, மூன்று நாள் அந்நிலையில் வைத்துப் பின் மெல்லச் சூடேற்றினால் இரண்டாவது வீழ்ச்சி தணியும் என்று ஆராய்ச்சிகள் காட்டின. அமெரிக்காவில் 208 குழந்தைகளிற் செய்த சோதனையில், மரணமோ கடும் அல்லது நடுத்தர ஊனமோ அடைந்தவர் குளிரூட்டாதவருள் நூற்றுக்கு 62, குளிரூட்டியவருள் 44. மேலைநாடுகள் இதனை ஏற்றுக்கொண்டன. இந்தியாவிலும் பல மருத்துவமனைகள் பின்பற்றின. விலையுயர்ந்த பொறி இல்லாத இடங்களுக்கென வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் துணையோடு மலிவான குளிர்ப்படுக்கை ஒன்றும் உருவாயிற்று. அது பாராட்டத்தக்க முயற்சியே.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. அங்கே பலித்தது இங்கே பலிக்குமா? இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த சுதின் தையில் என்பாரின் தலைமையில், இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலும் ஏழு மருத்துவமனைகளில் ‘ஹீலிக்ஸ்’ என்னும் சோதனை நடைபெற்றது. அவற்றுள் சென்னையும் உண்டு. நம் நாட்டு றாகமையும் உண்டு. 2015 முதல் 2019 வரை 408 குழந்தைகளைச் சேர்த்தனர். பாதிப் பேருக்குக் குளிரூட்டினர். பாதிப் பேருக்கு வழமையான பராமரிப்பு. இங்கே ஐஸ்கட்டியும் ஈரத்துணியும் கொண்டு அரைகுறையாகச் செய்யவில்லை. சூட்டைத் தானே சீராக்கும் நல்ல பொறியைக் கொண்டே செய்தனர்.

2021இல் முடிவு வெளியாயிற்று. மரணம் அல்லது ஊனம் என்னும் கணக்கில் இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. குளிரூட்டியவருள் நூற்றுக்கு 50, மற்றவருள் 47. மரணத்தை மட்டும் பார்த்தாலோ, குளிரூட்டிய பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். குளிரூட்டாத பிள்ளைகளில் 31 பேர். நன்மை என்று நம்பிய சிகிச்சை நம் பிள்ளைகளுக்கு நன்மை செய்யவில்லை. அதுமட்டுமன்று, உயிருக்கே தீங்காயிற்று!

இம்முடிவை ஏற்க மறுக்கும் இந்திய வைத்தியர்களும் உளர். அவர்கள் கூறும் காரணங்களையும் நாம் படித்திருக்கின்றோம். வாதம் நடக்கட்டும். நமக்கு முக்கியமாகத் தோன்றுவது காரணம் பற்றிய ஆராய்ச்சி. மேலைநாட்டுக் குழந்தைகளில் பெரும்பாலும் திடீரென்று, பிறப்பையொட்டி, மூளையின் நடுப்பகுதி தாக்கப்படுகின்றது. நம் பகுதிக் குழந்தைகளில் பலருக்கு மூளையின் வெண்பொருளே அதிகம் பாதிக்கப்பட்டிருந்ததைப் படங்கள் காட்டின. நீண்ட பேற்றுவலியில் சிறிது சிறிதாக, பல மணி நேரம் குறைந்த வாயுவோடு கிடந்து நலிந்த மூளைகள் இவை என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். பிள்ளை பிறக்கும்போதே ஆறு மணி நேரமும் கடந்துவிட்டது என்றால் பின்னர் குளிரூட்டி என்ன பயன்?

இங்கேதான் நாம் அரசியல் பேசுகின்றோம் என்று எவரேனும் சொன்னாற் சொல்லட்டும். சிகிச்சை மட்டுமன்று, முன்னறியும் அளவுகோலும் அவ்வாறே பிறநாட்டுக் குழந்தைகளை வைத்து வகுக்கப்பட்டது. பாதிப்பின் வகையே வேறென்றால் அளவுகோலும் பிழைக்கும். மூளையின் நடுப்பகுதி தாக்கப்பட்ட பிள்ளைக்குக் கைகால் விறைப்பு வருவதை முன்னரே சொல்லிவிடலாம். வெண்பொருள் தாக்கப்பட்ட பிள்ளை நடக்கவும் கூடும். ஆனால் பார்வையிலும் படிப்பிலும் இடர்ப்படக்கூடும். “நடக்குமா?” என்ற கேள்வி ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பிள்ளை நம் கண்ணிற் படாமலே போய்விடும். ஆகவே, வடமாகாணத்திற் பிறக்கும் இத்தகைய குழந்தைகள் ஒவ்வொருவரையும் பள்ளி செல்லும் வயதுவரை பின்தொடர்ந்து எழுதிவைக்கும் பதிவேடு நமக்கு வேண்டும். அது தமிழில் வேண்டும். எழுதிவைத்ததைத் தாய் வாசிக்கக்கூடியதாயும் இருத்தல் வேண்டும்.

இன்று உள்ள கருவிகள்

கருவிகளைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். மூளையின் மின்னலைகளைக் கட்டிலருகிலேயே இடைவிடாது பதியும் பொறி உண்டு. குளிரூட்டாத பிள்ளையில் ஆறு மணிக்குள்ளேயே அது நல்ல குறிப்புத் தரும். குளிரூட்டிய பிள்ளையில் இரண்டு நாளாவது பொறுக்க வேண்டும்; சிகிச்சை தொடங்கினால் முன்னறியும் கடிகாரமும் மாறிவிடுகின்றது.

எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் பொறியால் எடுக்கும் படம் இதனினும் நுட்பமானது. அதற்கும் காலம் உண்டு. பிறந்த நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை எடுப்பது நன்று. அதற்குப் பிந்தினால் சிலவகைப் படங்களில் பாதிப்பு மறைந்ததுபோலப் பொய்த்தோற்றம் காட்டும். அதே பொறியைக்கொண்டு, மூளைக்குள்ளே என்-அசெற்றைல் அஸ்பாற்றேற்று என்னும் இரசாயனப் பொருள் எவ்வளவு உண்டு என்றும் அளக்கலாம். உயிருள்ள நரம்பணுக்களில் இருக்கும் பொருள் அது. குறைந்தால் நரம்பணுக்கள் நலிந்தன என்று பொருள். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் குளிரூட்டப்பட்ட 223 குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, இந்த ஓர் அளவே இரண்டு வயதில் பிள்ளையின் நிலையை ஏறக்குறையப் பிழையின்றிச் சொல்லிற்று. இதற்குத் தலைமை தாங்கியவரும் நாம் முன்னர்க் குறிப்பிட்ட தையில் அவர்களே.

எனினும் இத்தகைய எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறத்தலாகாது. மேலைநாட்டு மருத்துவமனைகளிலே, பிள்ளைக்கு நற்காலமில்லை என்று துணிந்தால், பெற்றோரின் சம்மதத்தோடு மூச்சுப்பொறியை நிறுத்திவிடுவதும் உண்டு. அப்பிள்ளை இறந்ததும், முன்னறிவிப்புப் பலித்தது என்று கணக்கில் எழுதப்படுகின்றது. தண்ணீரை நிறுத்திவிட்டு, “பயிர் வாடும் என்று சொன்னேனே” என்பது போன்றதே இது. எல்லா ஆராய்ச்சியும் இப்படி என்று நாம் கூறவில்லை. இந்தக் குழி வழியில் இருக்கின்றது என்றே கூறுகின்றோம். நாம் சொன்ன தீர்ப்பினால் அந்தத் தோட்டக்காரர் பிள்ளையைக் கொண்டுவராது விட்டதும் இதே குழிதான்.

பதினெட்டு மாதத்தில் நலம் என்று எழுதப்பட்ட பிள்ளையும் பள்ளிக்கூடத்திற் பின்தங்கலாம். குளிரூட்டப்பட்டு, மூளைவாதம் எதுவுமின்றித் தப்பிய பிள்ளைகளை ஆறு முதல் எட்டு வயதில் பிறிஸ்டல் நகரத்து ஆராய்ச்சியாளர் சோதித்தபோது, ஒத்த வயதுப் பிள்ளைகளைவிட அறிவுத்திறனிற் சற்றுத் தாழ்ந்திருக்கக் கண்டனர். ஆசிரியர்கள் இங்கே பலர் இருக்கின்றீர்கள். சொல்வதை மறந்துபோகும் பிள்ளையை, “சோம்பேறி” என்று பிரம்பெடுக்குமுன் அதன் பிறப்புப் பற்றித் தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தீவகத்துக்கு ஏற்ற கருவி

இனி, செலவில்லாத கருவியொன்றுக்கு வருவோம். நமக்கு எல்லாவற்றிலும் பிடித்தமானது இதுவே.

ஆஸ்திரியாவிற் பிறந்து நெதர்லாந்தின் குறோனிங்கன் நகரிற் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்ற்ல் என்னும் அறிஞர், கைக்குழந்தைகள் தாமாகவே அசைவதைப் பல்லாண்டுகள் இருந்து பார்த்தார். தூண்டவில்லை, தொடவில்லை, பார்த்தார். மூன்றாம் மாதமளவில் நலமுள்ள குழந்தை விழித்துக் கிடக்கும்போது, கழுத்து, உடல், கை, கால் எல்லாவற்றிலும் சிறுசிறு அசைவுகள் இடைவிடாது, எல்லாத் திசையிலும் நிகழ்கின்றன. குளத்து நீரில் மென்காற்றுப் பட்டாற்போன்ற அசைவு. அது ஒன்பதாம் வாரத்திலிருந்து இருபதாம் வாரம் வரை இருந்து பின் மறையும். 1997இல் அவரும் அவருடைய குழுவினரும் 130 குழந்தைகளைப் பற்றி எழுதினர். இவ்வசைவு சரியாக இருந்த 70 பேரில் 67 பேர் பின்னர் நலமாக இருந்தனர். இல்லாத அல்லது பிழையாக இருந்த 60 பேரில் 57 பேருக்கு நரம்புக் குறை காணப்பட்டது. கோடிக்கணக்கான ரூபாய் விலையுள்ள பொறியோடு போட்டியிடக்கூடிய கருவி, பயின்ற ஒருவரின் இரு கண்கள்!

2017இல் பல நாட்டு அறிஞர்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டலில், இந்த அசைவுப் பரிசோதனை, காந்தப் படம், ஹாமர்ஸ்மித் முறைப்படி செய்யும் நரம்புப் பரிசோதனை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து மாதத்துக்குள்ளேயே மூளைவாதத்தை அறியலாம் என்றனர். முன்பெல்லாம் ஒன்றரை, இரண்டு வயதுவரை “பொறுத்துப் பார்ப்போம்” என்று காத்திருந்தோம். இரண்டாம் நாளிலே தீர்ப்புச் சொல்வது அவசரம். இரண்டு வயதுவரை வாய்மூடியிருப்பது அசட்டை. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாம் மாதம் என்னும் துறை ஒன்று இருக்கின்றது. படகை அங்கே கட்டுவோம்.

இதனை இங்கே செய்ய முடியுமா? முடியும். இவ்வசைவைப் பார்க்கப் பயின்றவர் நேரில் வரவேண்டியதில்லை. படமாக எடுத்து அனுப்பினாற் போதும். வீட்டுக்கொரு கைத்தொலைபேசி இருக்கின்றது. நெடுந்தீவில் எடுத்த படத்தை யாழ்ப்பாணத்தில் இருந்தும் பார்க்கலாம், 1990ஆம் ஆண்டுகளில் இவ்வூரைவிட்டுப் பெயர்ந்து கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கின்ற நம்மவரின் பிள்ளைகளுள் வைத்தியரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் உளர், அவர்களும் பார்க்கலாம். ஊருக்குக் கோபுரம் கட்டப் பணம் அனுப்பும் அன்பர்களை நாம் குறை கூறவில்லை. இந்த ஊரைச் சுற்றியுள்ள குடும்பநல மாதர் சிலருக்கு இப்பயிற்சியைக் கொடுக்க அதிற் சிறு பங்கேனும் ஒதுக்குமாறு கேட்கின்றோம்.

தடுப்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பேறுகாலம் நெருங்கிய தாய், நோவு தொடங்கும்வரை வெளித்தீவிற் காத்திராமல், முன்கூட்டியே கரைக்கு வந்து உறவினர் வீட்டில் தங்குதல் நன்று. அழாத பிள்ளைக்கு முதல் நிமிடத்திலேயே காற்றூட்டத் தெரிந்த ஒருவரும், ஒரு பையும் முகமூடியும் ஒவ்வொரு தீவிலும் எந்நேரமும் இருத்தல் வேண்டும். பிள்ளையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடிப்பதும், முகத்திற் குளிர்நீர் தெளிப்பதும் வேண்டா. அத்தகைய பிள்ளையைப் படகில் கொண்டுவரும்போது தாயின் நெஞ்சோடு அணைத்துக் காற்றுப் படாமற் கொண்டுவருக. அளவுக்கு மீறிச் சூடேற்றுதலும் தீது. காய்ச்சல் நலிந்த மூளையை மேலும் நலிவிக்கும்.

“நாங்கள் என்ன செய்ய?” என்று தாய்மார்கள் கேட்பது நம் காதில் விழுகின்றது. பிறந்தபோது எத்தனை நிமிடத்தில் அழுதது, எத்தனை நாளில் வலிப்பு நின்றது, எத்தனையாம் நாளில் முலைப்பாலைத் தானே உறிஞ்சிக் குடித்தது என்று மூன்றையும் வைத்தியசாலையில் கேட்டு, உங்கள் கையிற் கொடுக்கப்படும் சுகாதாரப் பதிவேட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பின்னர், பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வாரம் ஆனதும், வயிறு நிரம்பி, அழாமல், விழித்துக் கிடக்கும் நேரமாகப் பார்த்து, பாயிலே வெள்ளைத் துணி விரித்து மல்லாந்து கிடத்துங்கள். கையும் காலும் தெரியும்படி உடுப்பைக் குறையுங்கள். கிலுகிலுப்பை வேண்டா, பேச்சுக் கொடுக்கவும் வேண்டா. கால்மாட்டில் நின்று, தலை முதல் கால் வரை தெரியும்படி மூன்று நான்கு நிமிடம் படம் எடுங்கள். பிள்ளை பிறந்த நாளையும், குறித்த காலத்துக்கு முன் பிறந்திருந்தால் எத்தனை வாரம் முன் என்பதையும் உடன் எழுதிக் குடும்பநல மாதிடம் கொடுங்கள்.